அன்று சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது

சர்வர் ஓடவில்லை என்று நான் சொன்னது பொய்.

அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றவன் நான். அதனால் ஒரு பெண்ணின் பேச்சு போயிற்று. அவள் பெயர் தையல்நாயகி.

இரண்டு வருடங்களாக இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை... இல்லை, ஒரே ஒருவரிடம் சொன்னேன். அப்படிச் சொன்னது முதல் குற்றத்தைவிடப் பெரிய குற்றமாகிவிட்டது. அதனால்தான் உங்களிடம் எழுதுகிறேன்.

நீங்கள் படித்தவராக இருப்பீர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வாக்கியங்கள் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

காஞ்சிபுரத்தில், பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். கதவு திறக்கவும் நோயாளிகளைத் தூக்கி இறக்கவும்தான் என்னை வைத்தார்கள். ஸ்கேன் எடுப்பவர் கிரேஸ் அக்கா. என் பொறுமையைப் பார்த்துவிட்டு, எடுத்த படங்களை அனுப்பும் வேலையையும் அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

எங்கள் சென்டரில் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் கிடையாது. அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். இங்கே எடுக்கும் படங்களெல்லாம் அங்கே ஒரு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். அதைத்தான் சர்வர் என்போம். டாக்டர் அதில் திறந்து பார்த்து எழுதி அனுப்புவார். சர்வர் ஓடினால் படம் போகும். ஓடாவிட்டால் போகாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம்!

அது ஓடுகிறதா என்று தினமும் காலையில் ஒருமுறை பார்க்க வேண்டும். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, அக்கா ஒரு அட்டையில் எழுதிக்கொடுத்த வரியை அப்படியே தட்டினால் பதில் வரும். பதிலில் ஆங்கிலம் நிறைய இருக்கும். எனக்கு வேண்டியது அதன் முதலில் நிற்கும் எண் மட்டும்.

"இருநூத்து இருபதுன்னு வந்தா உயிரோட இருக்குதுன்னு அர்த்தம்டா மூர்த்தி. பாத்துட்டு வெளிய வந்துடு" என்றார் அக்கா.

பார்த்தேன். ஆனால் வெளியே வந்தேனா?

நான் கவலைப்படுகிறவன். பிறவியிலேயே அப்படித்தான். என் ஊர் தாமலிலிருந்து பஸ் ஏறி வருகிறவன், பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போய், கேஸை மூடினோமா என்று பார்த்திருக்கிறேன். மூடியிருக்கும். திரும்பவும் பஸ் ஏறினால், பார்த்தபோது கைபட்டுத் திறந்துவிட்டதோ என்று தோன்றும். இதற்கு மருந்து உண்டா? தெரியவில்லை.

அப்படிப்பட்டவனிடம் ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் ஒருமுறையோடு நிற்பானா? நாலைந்து முறை பார்ப்பேன். இருநூற்று இருபது. கொஞ்ச நேரம் கழித்து... இருநூற்று இருபது. மனம் ஆறும். மறுபடி வேகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திறந்த ஜன்னலை நான் மூடுவதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை மூடினால், அங்கே அதுவும் அணைந்துவிடுமோ என்று பயம். சிரிப்பீர்கள். சிரியுங்கள். சின்னதாக்கி அடியில் ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறப்பேன். அப்படி அடியில் வரிசையாகக் கிடக்கும் கறுப்புப் பொட்டுகளைப் பார்த்தால் எனக்கு ஒரு தைரியம். இத்தனை முறை பார்த்திருக்கிறோம். இனி என்ன ஆகிவிடும்! இரவு அக்கா கம்ப்யூட்டரை அணைத்தால் அவை போய்விடும்; காலையில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

அந்த வாரம் இரண்டு நாள் நெட் விட்டு விட்டு வந்தது. நான் பார்ப்பதும் இரட்டிப்பாயிற்று. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கோயம்புத்தூர்க்காரருக்கு நான் நாலு முறை போன் செய்துவிட்டேன். நாலாவது முறை அவர் சலித்துக்கொண்டார்.

"ஏனுங்க, சும்மா சும்மா கூப்புடறீங்க? இங்க எல்லாம் நல்லாத்தானுங்க ஓடுது. நெசமாவே பிரச்சினைன்னா மட்டும் கூப்புடுங்க."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் காது சுட்டது. இனி இவரைக் கூப்பிடக்கூடாது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் முற்பகல் அவள் வந்தாள்.

பிள்ளையார்பாளையம். நெசவுக் குடும்பம். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் ஏகாம்பரம் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். இருவரும் அக்கம்பக்கமாக உட்கார்ந்து ஒரே தறியில் நெய்கிறவர்கள். சேலையின் உடலை அவர் நெய்ய, வலப்பக்கம் உட்கார்ந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாக் கட்டையை எறிகிறவள் அவள். காலையில் அந்த நாடா அவள் கையிலிருந்து நழுவியிருக்கிறது.

"சரியாப் பூடும் சரியாப் பூடும்னு சொல்லிக்கினே ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டாபா" என்றார் அவர். "வாய் கோணிக்கினு போவுதுடின்னு நான் சொல்றேன், ஒன் மூஞ்சிய கண்ணாடியில பாருங்கறா!"

பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். தலையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்று தெரிய வேண்டும். அடைப்பு என்றால் ஓர் ஊசி உண்டு. கசிவு என்றால் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும். ரிப்போர்ட் வராமல் போடமாட்டார்கள். வந்தாலும் ஒரு நேரக் கணக்கு உண்டு; அதைத் தாண்டினாலும் போடமாட்டார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது.

உள்ளே மெஷின் தயாராகும்வரை ஸ்ட்ரெச்சரை என் மேசை ஓரம் நிறுத்தினார்கள். வலது கை செத்துக் கிடந்தது. வாய் லேசாக ஒருபக்கம் இழுத்திருந்தது. ஆனால் பேச்சு...! கொஞ்சம் குழறினாலும் பேசிக்கொண்டே இருந்தாள்.

"என்னா தம்பி, அதையே தட்டித் தட்டிப் பாத்துக்கினு இருக்கற?"

"சர்வர் ஓடுதான்னு பாக்கறேம்மா."

"ஓடுதா?"

"ஓடுதும்மா."

"அப்ப வுடேன். பாவு இழை அறுந்துச்சா அறுந்துச்சான்னு நிமிசத்துக்கு ஒருதரம் நெருடினே இருந்தா, நெருடற கையாலயே அறுந்து பூடும்."

நான் சிரித்தேன். கிரேஸ் அக்கா வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார். "உள்ள ரெண்டு நிமிஷம்தாம்மா, பயப்படாதீங்க" என்றார்.

"ரெண்டு நிமிசம்னு சொல்லிட்டுத்தான் இந்த ஆளு டீ குடிக்கப் போவாரு" என்று புருஷனைக் காட்டினாள். அவர், அந்த நேரத்திலும், வெட்கப்பட்டார்.

அவள் உள்ளே போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் இரண்டு முறை பார்த்தேன்.

படம் வந்தது. அனுப்பினேன். போகவில்லை.

மறுபடி அனுப்பினேன். போகவில்லை.

கறுப்பு ஜன்னலைத் திறந்து தட்டினேன். முதலில் நின்ற எண் இருநூற்று இருபது அல்ல... நானூற்று இருபத்தொன்று! அதன் பின்னால் ஒரு வரி ஆங்கிலம் இருந்தது. அந்த வரியை எழுத்துக்கூட்டியாவது படித்தேனா? இல்லையே! இருநூற்று இருபது என்றால் உயிர். அது இல்லையென்றால் உயிர் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

"அக்கா, சர்வர் ஓடலக்கா!"

கிரேஸ் அக்கா ஓடிவந்தார். திரையைத் தன் போனில் படம் பிடித்துக் கோயம்புத்தூர் டாக்டருக்கு அனுப்பினார். "மங்கலா இருக்கு, இதை வெச்சு நான் சொல்ல முடியாது, முழுப் படமும் அனுப்புங்க" என்று பதில் வந்தது.

"டேய், ஒருதரம் கம்ப்யூட்டரை அணைச்சுப் போடேன்டா."

"வேணாங்க்கா, படம் பூடும்!"

அணைத்திருந்தால்... அந்த ஒரு பித்தானை அமுக்கியிருந்தால்... ஆனால் நான் எதையும் அணைக்கத் துணியாதவன்.

"கோயம்புத்தூர்காரனுக்குப் போன் போட்டியா?"

"ரிங் போவுதுக்கா, எடுக்கல."

அதுவும் பொய். நான் போடவே இல்லை. சும்மா சும்மா கூப்பிடுகிறீர்களே என்ற குரல் காதிலேயே இருந்தது. தானாக வந்துவிடும், இன்னும் ஒரு நிமிடம், இன்னும் ஒரே நிமிடம்... என்று தட்டிக்கொண்டே இருந்தேன். நாலு முறை வீணாகக் கூப்பிட்டவன், கூப்பிட வேண்டிய அந்த ஒருமுறை வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் நீங்கள்?

வெளியே ஸ்ட்ரெச்சரிலிருந்து அவள் குரல் கேட்டது. புருஷனிடம் ஏதோ சொன்னாள். பிறகு பாதி வார்த்தை கேட்டது. பிறகு, வார்த்தை மாதிரி ஒன்று.

நாற்பது நிமிடம் கழித்துத்தான் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சர்வர் ஓடுதுங்களே. இருங்க பாக்கறேன்..." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "உங்க எடத்துல இருந்துதானுங்க எட்டுப் பேரு உள்ள வந்து உக்காந்திருக்காங்க. எட்டுக்கு மேல அது உடாதுங்க. யாராச்சும் தொறந்துட்டு மூடாம உட்டுட்டாங்களா?"

"தெ... தெரியலீங்க" என்றேன்.

தெரியவில்லையா? எனக்கா?

திரையின் அடியைப் பார்த்தேன். கறுப்புப் பொட்டுகள், வரிசையாக. எட்டுக்கு ஒன்றுகூடக் குறையவில்லை. எட்டும் நான்! எட்டு மூர்த்திகள் அந்த வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டு, உயிரோடு இருக்கிறாயா, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அவளுடைய படம் எங்களுக்குப் பின்னால் தெருவில் நின்றிருக்கிறது.

ஒவ்வொன்றாக மூடினேன். அவசரத்தில் ஒன்றை இரண்டு முறை அமுக்கினேன். பிறகு அனுப்பினேன். மூச்சு விடுவதற்குள் படம் போய்ச் சேர்ந்தது.

"என்னடா ஆச்சு?" என்றார் அக்கா.

அப்போதுதான்... இதோ, இந்த இடத்தில்தான்... நான் மனிதனாக இருந்திருக்க வேண்டும்.

"அங்க சர்வர் படுத்துடுச்சாம்க்கா. இப்பதான் எழுப்பி வுட்டாங்களாம்."

முதலில் ஓடவில்லை என்று சொன்னது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். இது அறிந்தே சொன்னது. ஏன் சொன்னேன்? வேலை போய்விடும் என்றா? அதுகூட இல்லை. "மூர்த்தி கவலைப்படற புள்ள, அவனை நம்பி எதையும் வுடலாம்" என்று அக்கா எல்லாரிடமும் சொல்வார். என் நோயை ஒரு நல்ல குணமாக நினைத்த ஒரே ஆள் அவர். அந்த முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை.

ரிப்போர்ட் வந்தது. அடைப்புதான்; கசிவு இல்லை. ஊசி போட்டிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம்.

முன்னமே போட்டிருந்தால் பேச்சு திரும்பியிருக்குமா? டாக்டரிடம் ஏகாம்பரம் கேட்டாராம். "சொல்ல முடியாது" என்றாராம் அவர். அந்த இரண்டு வார்த்தைகளை நான் தினமும் புரட்டிப் பார்க்கிறேன். ஒரு பக்கம் பார்த்தால் மன்னிப்பு போலிருக்கிறது. மறுபக்கம் பார்த்தால்...

எங்கள் முதலாளி கோயம்புத்தூருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். "எங்க பக்கம் ஓடிட்டுத்தான் இருந்துச்சுங்க" என்றாராம் அந்த மனிதர். "தப்பு பண்ணவன் எவன்டா ஒத்துக்கினான்?" என்று சொல்லிக்கொண்டே முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு நானூற்று இருபத்தொன்று என்னை விடவில்லை. பஸ் டிக்கெட்டில் அது வரும். லாரியின் பின்புறத்தில் வரும். வாலாஜாபாத்தில் என் மச்சான் வீட்டுக்குப் போனால், எதிர் வீட்டுக் கதவில் கணக்கெடுக்க வந்தவர்கள் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய எண் அது! ஆள் இல்லாத நேரம் பார்த்து அதை அழித்தேன். சாயந்திரம் அந்த வீட்டு அம்மாள் யாரோ அழித்துவிட்டார்கள் என்று கத்திக்கொண்டிருந்தாள்.

எண்ணைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஏகாம்பரத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் யாரையும் குற்றம் சொல்லாத மனிதர். கடைத்தெருவில் பார்த்தால் சைக்கிளை நிறுத்திவிடுவார். "தம்பி, சர்வரு எப்படி இருக்குது? ஓடுதா?" என்பார், சொந்தக்காரரின் உடம்பு விசாரிப்பதுபோல. "ஓடுதுங்க" என்பேன். அவருக்கு ஒரு நிம்மதி. ஒருமுறை சொன்னார்: "தெருமுனைப் புள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடைச்சேன்பா, அதும் பேர்ல. என்னான்னு சொல்லி ஒடைக்கிறதுன்னு தெரியல. மெசினு மறுபடி படுக்கக்கூடாது சாமின்னேன். வேற ஒருத்தங்க வூட்டுல இப்பிடி ஆவக்கூடாதுல்ல?"

கையில் ஒரு தேங்காய்ச் சில்லை வைத்தார். தின்றேன்! அவர் எதிரில் நின்று மென்று விழுங்கினேன்.

இப்போது உங்களிடம் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன மாசி மாதம் மறுபடி ஸ்கேன் எடுக்க ஏகாம்பரம் அவளை அழைத்துவந்தார். சக்கர நாற்காலியில் இருந்தாள். தலைமுடி வெட்டப்பட்டிருந்தது. மற்றவர் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும் என்றும், அவளிடமிருந்துதான் ஒரு சொல்லும் வராது என்றும் ஏகாம்பரம் சொன்னார். பழைய ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க எதிர்க்கடைக்குப் போனார். கிரேஸ் அக்கா உள்ளே வேறொருவரோடு இருந்தார். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும்.

அவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது என்று நினைக்கிறேன். வாயின் ஒருபக்கம் சிரித்தது.

எனக்குள் என்னவோ உடைந்தது. அவள் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன்! எல்லாவற்றையும்... எட்டு ஜன்னல், போடாத போன், பொய், எல்லாம். "அன்னிக்கு சர்வர் ஓடிக்கினுதாம்மா இருந்துச்சு. நான்தாம்மா" என்றேன். அழுதேன். நெஞ்சு லேசாயிற்று, பாவி எனக்கு!

ஏன் அவளிடம் சொன்னேன்? ஏகாம்பரத்திடம் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஊரில் இத்தனை பேர் இருக்க, திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாதவளாகப் பார்த்து, அவள் நாக்கைக் கட்டிய நானே, ஏன் அவளிடம் போய்ச் சொன்னேன்? அந்த நிமிடம் இது எனக்குத் தோன்றவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன். தோன்றியது.

அவள் சிரிப்பு நின்றது. கண்கள் என் முகத்தைவிட்டு நகரவில்லை. இடது கை மெல்ல மேலே வந்தது. விரல் என்னை நோக்கி நீண்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம்... எழுத்தில்லாத சத்தம்... வரவரப் பெரிதாயிற்று. நான் பதறி எழுந்து பின்னால் போனேன்.

ஏகாம்பரம் காகிதங்களோடு ஓடிவந்தார்.

"என்னாடி? என்னா தையலு? என்னாத்தக் காட்டற?"

விரல் என் நெஞ்சுக்கு நேராக நின்றது. உலகத்தில் இதைவிடத் தெளிவாக ஒருத்தி பேச முடியுமா?

என் முதுகுக்குப் பின்னால், முக்காலியின்மேல், தண்ணீர் கேன் இருந்தது.

நான் ஓர் அடி விலகினேன். வேறொன்றும் செய்யவில்லை... ஓர் அடி. இப்போது அவள் விரல் தண்ணீர் கேனைக் காட்டியது.

"தண்ணி கேக்கறாங்க போலருக்குது" என்றேன்.

"அட, அதுக்கா இந்தக் கத்து!" என்று அவர் டம்ளரில் பிடித்து வாயருகே கொண்டுபோனார். அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டாள். தண்ணீர் கழுத்தில் வழிந்து சேலையை நனைத்தது. அவர் துண்டால் துடைத்தார். "கோவம் வந்துட்டா குடிக்கமாட்டா" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். அவள் கை இறங்கவில்லை. அவர்தான் அதை மெல்ல மடக்கி மடியில் வைத்தார்.

அன்று படம் ஒரே தடவையில் போயிற்று.

போன வாரம் ராஜவீதியில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். ஒளிய நினைப்பதற்குள் சைக்கிள் நின்றுவிட்டது. முகத்தில் ஒரு தெளிவு.

"தம்பி, ஒங்கிட்ட சொல்லணும்னே இருந்தேன். அங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து தையலு அடிக்கடி கைய நீட்டிக்கினு கத்தறா. மின்னெல்லாம் அவளுக்கு என்னா வோணும்னு தெரியாம முழிப்பேன். நீ சொன்னதுக்கப்புறம் புரிஞ்சு போச்சுபா. கைய நீட்டினாள்னா ஒடனே தண்ணி குடுத்துடறேன்."

நான் தலையாட்டினேன்.